பண்படா நிழற்படமும் ஓடும் படமும்

உலகத்தில் எப்பொருளும் தோன்றிய நிலையிலேயே பயன் தருவதில்லை. வயலில் விளைந்த நெல் அரிசியாகிச் சோறாகிய பின்னரே பசி தீர்க்கும். காயில் வெடித்த பஞ்சு நூலாகி ஆடையாகிய பின்னரே உடலை மறைக்கும். இவ்வுண்மையை இராசபாளையத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திரு. பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936ஆம் ஆண்டில் அந்நகரில் நூற்பாலை நிறுவிய காலந்தொட்டு, பஞ்சுப் பொதி ஒரு வாயிலாற் புகுந்து நூற்கண்டு மறு வாயிலால் வெளிப்படுவதைப் பல தலைமுறையினர் கண்டுள்ளனர். நாற்பதாம் நம்பர் நூல் கேட்கும் நெசவாளர்க்குப் பஞ்சுப் பொதியைக் கொடுத்தல் பயனில் செயல். அதுபோலவே நூலைக் கொடுத்துவிட்டு, 'இதனை மீண்டும் பஞ்சாக்கித் தருக' என்றலும் இயலாச் செயலாம்.

நிழற்படக் கலையிலும் இத்தகைய பஞ்சு ஒன்றுண்டு. இத்தகைய நூலும் ஒன்றுண்டு. நல்ல படக்கருவிகள் தாம் கண்டதைக் கண்டவாறே 'ரா' என்னும் பண்படாக் கோப்பில் பதிகின்றன. காணொளியோ அக்கோப்பை ஏலாது. தனக்கென வகுத்த ஒரு புள்ளிமுறையில் அளக்கப்பட்ட எண்களையே வேண்டும். நம் மாணவர் பலர் விடுமுறையில் மேற்குத் தொடர்ச்சி மலை மேல் தவழும் முகிலையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் அசைந்து வருதலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடித்து, அவற்றைக் கோத்து ஓடும் படமாக்க விழைகின்றனர். இடைநின்ற மாற்றத்தையோ கருவியின் கையில் விட்டுவிடுகின்றனர். குங்குமம் காவியாகவும், நிழல் கரியாகவும், வெண்மை மங்கலாகவும் வந்து நிற்கும்போது காரணம் புலப்படாது திகைக்கின்றனர். ஆதலின் அம்மாற்றம் நிகழும் முறையைப் படிப்படியாக ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பண்படாப் படம் யாது?

படக்கருவியின் உள்ளே கண்ணாடி வில்லைக்குப் பின்னால் ஒளியுணரி ஒன்று உளது. அதன்மேல் கோடிக்கணக்கான நுண் குழிகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு குழியும் தன்பால் வீழும் ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. நிறம் அறியாத குழியைக் கொண்டு நிறம் அறிதல் எங்ஙனம்? 1861ஆம் ஆண்டிலேயே சேம்சு கிளார்க்கு மாக்சுவெல் என்னும் அறிஞர், செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று வடிகண்ணாடிகளின் வழியே தனித்தனியே எடுத்த படங்களை ஒன்றுசேர்த்து வண்ணப்படம் காட்டினர். அக்கருத்தையே ஒரே உணரியில் அடக்கிக் காட்டியவர் கோடக்கு நிறுவனத்தைச் சார்ந்த பிரைசு பேயர் என்பார். அவர்தம் முறைக்கு 1976ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

அம்முறையை விளங்கிக்கொள்ள மார்கழித் திங்களில் நம் வீட்டு வாயிலில் இடும் புள்ளிக்கோலத்தை நினைவு கொள்ளல் தகும். இரண்டு வரிசையில் வரிசைக்கு இரண்டாக நான்கு புள்ளி வைத்ததாகக் கொள்க. அவற்றுள் ஒன்றன்மேல் செந்நிற வடிதட்டும், ஒன்றன்மேல் நீல வடிதட்டும், குறுக்கே எதிரெதிர் நிற்கும் இரண்டன்மேல் பச்சை வடிதட்டும் பொருத்தப்படும். இந்நான்மைக் கட்டமே உணரி முழுதும் திரும்பத் திரும்ப வரும். எனவே, குழிகளிற் பாதி பசுமையையும், கால் பங்கு செம்மையையும், கால் பங்கு நீலத்தையும் அளக்கின்றன. பசுமைக்கு இரட்டைப் பங்கு ஈந்தது ஏனெனின், மாந்தர் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை உணருங்கால் பசுமைப் பகுதியையே மிகுதியும் சார்ந்திருத்தலின் என்க.

ஆகவே பண்படாப் படம் என்பது உண்மையிற் படமன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் வீதம் எழுதிய அளவைப் பட்டியலே யாகும். அகலத்தில் 6000, உயரத்தில் 4000 ஆக 2.4 கோடிப் புள்ளிகள் உள்ள கருவியில், எண் ஒன்றுக்கு 14 பிட்டு வீதம் சுருக்காது எழுதின், படம் ஒன்றுக்கு 4.2 கோடிப் பைட்டு ஆகும். 14 பிட்டு என்றது 16,384 படிநிலைகளை. காணொளி பெரும்பாலும் வழங்கும் 8 பிட்டில் 256 படிநிலைகளே உள. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவே நம் ஆராய்ச்சிக்குரிய பொருளாம்.

பண்படுத்தும் படிகள்

முதற்படி கருமை கழித்தலாம். ஒளியே புகாதபோதும் உணரி சிறியதோர் எண்ணைக் காட்டும். அதனை ஒவ்வொரு புள்ளியினின்றும் கழித்தல் வேண்டும். கழியாது விடின் நிழற்பகுதி புகைபடிந்தாற்போல் தோன்றும்.

இரண்டாம் படி வெண்மை சமனாக்கல். நண்பகல் வெயிலில் வெண்மையாகத் தோன்றும் வேட்டி, அகல்விளக்கின் முன் மஞ்சள் கலந்தும், மரநிழலில் நீலம் கலந்தும் ஒளிவீசும். நம் கண் அதனைத் தானே திருத்திக்கொள்ளும், உணரி திருத்தாது. ஆதலின் வெண்மையெனக் கொள்ளத்தக்க பொருளொன்றைக் குறித்து, அதன்கண் மூவண்ண எண்களும் ஒத்து நிற்குமாறு செம்மையையும் நீலத்தையும் தக்க எண்ணாற் பெருக்குதல் வேண்டும்.

மூன்றாம் படி விடுபட்ட நிறத்தை நிரப்பல். செம்மை அளந்த குழிக்குப் பசுமையும் நீலமும் தெரியா. அண்டையில் நிற்கும் குழிகளை உசாவி, அவற்றின் சராசரியைக் கொண்டும், பொருளின் விளிம்பு செல்லும் திசையை நோக்கியும் அவ்வெண்களைக் கணித்தல் வேண்டும். இப்படி முடிந்த பின்னரே ஒவ்வொரு புள்ளிக்கும் செம்மை, பசுமை, நீலம் என மூன்றெண் அமையும். அம்மூன்றில் இரண்டு கருதலளவையாற் பெற்றவை, ஒன்றே காட்சியளவையாற் பெற்றது என்பதனை மறத்தலாகாது.

நான்காம் படி நிறவெளி மாற்றம். ஒவ்வொரு கருவியின் வடிதட்டும் ஒவ்வொரு விதமாதலின், ஒரு கருவி காணும் செம்மை மற்றொரு கருவி காணும் செம்மையோ டொவ்வாது. எனவே மூவெண்களையும் ஒரு கணக்குச் சட்டத்தாற் பெருக்கி, உலகத்தார் உடன்பட்ட பொது நிறவெளிக்குக் கொணர்தல் வேண்டும். உயர்தெளிவுக் காணொளிக்கு அப்பொதுவிதி, 1990ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற 709 என்னும் எண்ணுடைய பன்னாட்டுப் பரிந்துரையாம்.

ஐந்தாம் படி வளைகோட்டு மாற்றம். உணரியின் எண், ஒளியின் அளவோடு நேராக ஏறும். ஒளி இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும். மாந்தர் கண்ணோ அவ்வாறன்று. இருளிற் சிறு வேறுபாட்டையும் நுணுகிக் காணும், பேரொளியிற் பெரிய வேறுபாட்டையும் பொருட்படுத்தாது. 16,384 படிநிலைகளுள் மேற்பாதியாகிய 8,192 படிகளை, மிக ஒளிர்ந்த பகுதியின் ஒரே இரட்டிப்பு விழுங்கிவிடும். அந்நேர்கோட்டு எண்களை அப்படியே 256 படிகளுக்குள் அடக்கினால், நிழற்பகுதிக்கு எஞ்சுவன மிகச் சிலவே. ஆதலின் இருட்பகுதிக்குக் கூடுதலான படிகளை வழங்கும் வளைகோடு ஒன்றைக் கையாள்வர். 709 விதிப்படி, முழு ஒளியில் நூற்றுக்கு 18 பங்காக நிற்கும் நடுச்சாம்பல், வளைந்த பின் ஏறத்தாழ நூற்றுக்கு 41 பங்கில் நிற்கும்.

இவ்வைந்து படியும் கடந்த வழி, கணித்திரையிற் காட்டத்தக்க மூவண்ணப் படம் கிடைக்கும். ஆயினும் அஃது இன்னும் காணொளிக்குரிய நூலன்று.

ஒளிர்மையும் நிறமையும்

மூவண்ண எண்களைக் காணொளி அவ்வாறே ஏற்பது அரிது. அவற்றை ஒளிர்மை ஒன்று, நிறமை இரண்டு என வேறு வகையாகப் பகுத்துக்கொள்ளும். ஒளிர்மையாவது ஒரு புள்ளி எவ்வளவு வெளிச்சமுடையது என்பது. நிறமையிரண்டும், நீலம் அவ்வொளிர்மையினின்று எவ்வளவு விலகியது, செம்மை எவ்வளவு விலகியது என்பனவாம். இப்பகுப்பு தொலைக்காட்சியின் வரலாற்றிற் பிறந்தது. கருப்பு வெள்ளைப் பெட்டியும் வண்ணப் பெட்டியும் ஒரே ஒலிபரப்பை ஏற்றல் வேண்டும் என்னும் தேவையை நோக்கிப் பிரெஞ்சு நாட்டு ஜார்ஜ் வாலன்சி என்பார் 1938ஆம் ஆண்டில் இக்கருத்தை வெளியிட்டனர். 1953இல் அமெரிக்கர் தம் வண்ணத் தொலைக்காட்சியை இவ்வடிப்படையிலேயே அமைத்தனர். நம் நாட்டிலும், சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கி, 1982இல் வண்ண ஒலிபரப்பு வந்தபோது, பழைய கருப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்த இல்லத்தார் ஒளிர்மையை மட்டும் ஏற்று வழக்கம்போற் படம் கண்டனர்.

709 விதியின்படி ஒளிர்மையாவது, செம்மையில் 0.2126 பங்கும், பசுமையில் 0.7152 பங்கும், நீலத்தில் 0.0722 பங்கும் கூட்டிய தொகை. எடுத்துக்காட்டாகக் குங்குமச் செம்மையொன்று 200, 40, 50 என்னும் மூவெண்ணை உடையதெனக் கொள்வோம். 42.5, 28.6, 3.6 ஆகிய மூன்றும் கூடி ஒளிர்மை ஏறத்தாழ 75 ஆகும். காணொளியில் ஒளிர்மை 0 முதல் 255 வரை செல்லாது, 16 முதல் 235 வரையே செல்லும் வழக்குண்மையின், அது 80 என எழுதப்படும். நிறமைகள் 128ஐ நடுவாக வைத்து எழுதப்படுவன; நீல விலக்கம் 116, செம்மை விலக்கம் 198 ஆகும். ஆக 200, 40, 50 என்ற குங்குமம் 80, 116, 198 என்னும் புதுப்பெயர் பூண்டு நிற்கின்றது.

நிறமை குறைக்குங்கால் இழப்பன

இப்பகுப்பின் பயன் யாதெனின், மாந்தர் கண் ஒளிர்மையின் நுட்பத்தைக் காணுமளவு நிறத்தின் நுட்பத்தைக் காணாமையின், நிறமையைக் குறைத்து இடத்தை மிச்சப்படுத்தலாம் என்பதே. கோலத்திற் கோடு பிறழ்ந்தால் எவரும் காண்பர். வண்ணப்பொடி கோட்டைச் சிறிது கடந்து சிந்தினால் எட்ட நின்று நோக்குவார் காணார். பெருவழக்கான 4:2:0 என்னும் முறையில், புள்ளி தோறும் ஒளிர்மை எழுதப்படும். நான்கு புள்ளிகள் கூடிய கட்டத்திற்கோ நிறமை ஓரிணை மட்டுமே எழுதப்படும். மூவண்ண முறையில் நான்கு புள்ளிக்குப் 12 எண் வேண்டும். இம்முறையில் 4ம் 2ம் ஆக 6 எண் போதும். சரி பாதி மிச்சம்.

இதனை ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தின்மேல் வைத்து அளந்து பார்ப்போம். அதன் உயரம் 192 அடி. 1080 வரிகளுள்ள காணொளிச் சட்டத்தில் அடிமுதல் முடிவரை கோபுரம் நிறைந்து நிற்குமாயின், ஒரு வரி ஏறத்தாழ 2.13 அங்குலத்தைத் தாங்கும். நிறமைக்கு 540 வரிகளே உண்மையின், நிறம் ஏறத்தாழ 4.27 அங்குலத்திற்கு ஒன்றாக எழுதப்படும். கோபுரத்தின் நிலைகளும் மாடங்களும் ஒளி நிழலாலேயே வடிவம் பெறுதலின், நிறமைக் குறைவு அவற்றைக் கெடுப்பதில்லை.

அம்மலையடிவாரத்துச் சாம்பல் நிற அணிலுக்கும் இஃது ஒக்கும். அவ்வணிலைக் காத்தற்பொருட்டு 1988ஆம் ஆண்டில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தோடு சேர்க்கப்பட்டது. அணிலின் சிறப்பு, அதன் மயிரிடையே நரைபோல் விரவிய வெண்மையில் உளது. அது நிறத்தின் வேறுபாடன்று, வெளிச்சத்தின் வேறுபாடு. ஆதலின் ஒளிர்மை அதனைக் குறைவறக் காக்கும்.

ஆயின் எல்லாப் பொருளும் இவ்வாறு தப்புவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் விளங்கும் கிளி நாள்தோறும் பச்சிலைகளாற் புதிதாகச் செய்யப்படுவது. அதன் அலகு மாதுளம்பூ. பசிய இலைமேற் சிறிய செம்மை. அத்தகைய கிளியொன்றைத் தொலைவிலிருந்து எடுத்த படத்தில், நான்கு புள்ளிக் கட்டமொன்றில் இரண்டு புள்ளி அலகாகவும் இரண்டு புள்ளி இலையாகவும் அமைந்தன எனக் கொள்வோம். அலகு 200, 40, 50. இலை 40, 120, 50. இவ்விரண்டின் நிறமையும் சராசரியாகி ஒன்றாக எழுதப்பட்டுத் திரையில் மீளும்போது, அலகு 108, 68, 38 ஆகவும், இலை 132, 92, 62 ஆகவும் காட்சியளிக்கும். ஒளிர்மை வேறுபாடு இம்மியும் குறையவில்லை. ஆயினும் செம்மையும் போயிற்று, பசுமையும் போயிற்று. இரண்டும் பழுப்பாயின. செய்த கைகளின் திறம் அவ்விரு நிறத்தின் எதிர்ப்பிலன்றோ இருந்தது!

இவ்விழப்பைத் தடுக்க மூன்று வழி உள. அணுகி நின்று எடுத்து அலகு பல புள்ளிகளைக் கொள்ளுமாறு செய்தல் ஒன்று. தொகுப்பு வேலை முடியுமளவும் நிறமை குறையாத 4:4:4 முறையையோ, குறுக்கில் மட்டும் குறையும் 4:2:2 முறையையோ கையாண்டு, ஊரார்க்கு வழங்கும் இறுதிப் படியை மட்டும் 4:2:0 ஆக்குதல் மற்றொன்று. பண்படா மூலத்தை அழியாது வைத்தல் மூன்றாவது.

பெயர்ச்சீட்டின் இன்றியமையாமை

80, 116, 198 என்னும் எண்கள் தாமாக எந்நிறத்தையும் உணர்த்தா. எவ்விதியால் எழுதப்பட்டன என்னும் குறிப்புடன் கூடிய வழியே உணர்த்தும். 709க்கு முன்னரே 1982இல் 601 என்னும் பரிந்துரை தோன்றியது. அதன்கண் பங்குகள் வேறு: 0.299, 0.587, 0.114. அவ்விதியில் முற்கூறிய குங்குமத்தின் ஒளிர்மை 75 அன்று, 89. எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவசக் கருவியிடம் மூவண்ணப் படங்களைக் கொடுத்து வேறொன்றும் சொல்லாது விடின், 601 விதியால் எழுதுதல் அதன் நெடுநாள் வழக்கம். காட்டும் கருவிகள் பலவோ, உயர்தெளிவுப் படத்தைக் கண்டவுடன் 709 எனக் கருதிப் படிக்கும். அங்ஙனம் எழுதியதொன்றும் படித்ததொன்றும் ஆகிய வழி, 200, 40, 50 என்ற குங்குமம் 214, 55, 48 ஆகிக் காவிச்சாயல் ஏறும். கருவி பழுதன்று, கண் பழுதன்று; சீட்டு இல்லாமையே பழுது.

எல்லைக் குறிப்பும் அத்தகையதே. 16 முதல் 235 வரை எழுதியதை 0 முதல் 255 வரை எழுதியதாகக் கருதிப் படித்தால் கருமை சாம்பலாகும், வெண்மை மங்கும். மாறிப் படித்தால் நிழலின் நுட்பங்கள் கருமையுள் மூழ்கும். எனவே நிறவிதி, வளைகோடு, எல்லை, நிறமை முறை ஆகிய நான்கையும் மாற்றும்போதே வெளிப்படக் கூறிக் கோப்பினுள் பொறித்தல் வேண்டும். வேற்றுமை உருபு தொக்க தொடர்க்குப் பொருள் கொள்வார் தத்தம் கருத்திற்கேற்ப விரித்தல்போல, குறிப்புத் தொக்க கோப்பையும் ஒவ்வொரு கருவியும் தன் மனம்போல் விரித்துக்கொள்ளும்.

தொடர்படம் கோத்தல்

இனி ஒரு மணி நேரத்து மலைமுகிலை ஐந்து நொடிக்கு ஒரு படமாக எடுத்தோர் செய்யத்தக்கது கூறுவோம். படங்கள் 720, நொடிக்கு 25 வீதம் ஓட்டினால் 28.8 நொடி ஓடும். 6000க்கு 4000 ஆகிய படம் காணொளிச் சட்டத்திற்கு உயரம் மிக்கது. ஆதலின் உயரத்தை 3375 ஆக வெட்டி, 3.125இல் ஒரு பங்காகச் சுருக்கின் 1920க்கு 1080 ஆகும். சுருக்குதலை வளைகோட்டிற்கு முன்னர், எண்கள் ஒளியோடு நேராக நிற்கும் நிலையிற் செய்தல் நன்று. அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாதல் வேண்டும். ஒற்றைப்படையாயின் நான்மைக் கட்டம் விளிம்பிற் குறைபட்டு 4:2:0 முறை அமையாது.

எல்லாவற்றினும் தலையாயது ஒருமைப்பாடு. படத்திற்குப் படம் வெண்மைச் சமனைக் கருவியே கணிக்குமாறு விடின், முகில் நகருந்தோறும் நிறம் துடிக்கும். ஒரு படத்திற்குத் தீர்ந்த பெருக்கெண்ணையே எல்லாவற்றிற்கும் இடுதல் வேண்டும். கதிரவன் தோன்றும் போதோ மறையும் போதோ ஒளி இயல்பாகவே மாறுமாயின், எண்ணையும் சிறிது சிறிதாக மாற்றலாம். வானத்தின் மென்னிறம் 8 பிட்டில் பட்டை பட்டையாகப் பிரிந்து தோன்றினால், 1,024 படிகளுடைய 10 பிட்டு முறையைக் கொள்ளல் தக்கது.

முடிவாகக் கோப்பில் எண்கள் நிற்கும் முறையும் அறியத்தக்கது. ஒரு முறையில் முதலில் ஒளிர்மைகள் யாவும், அடுத்து நீல விலக்கங்கள் யாவும், அதன்பின் செம்மை விலக்கங்கள் யாவும் தனித்தனித் தட்டாக அடுக்கப்படும். என்.வி. 12 என்னும் முறையில் ஒளிர்மைத் தட்டிற்குப்பின் நிறமையிரண்டும் மாறிமாறி இணைந்து நிற்கும். எம்முறையாயினும் சட்டமொன்றுக்கு 31,10,400 பைட்டு. 720 சட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 224 கோடிப் பைட்டு. பண்படா மூலமோ 3,024 கோடிப் பைட்டு.

மூலத்தைக் காத்தல்

ஈண்டே நம் மாணவர் தடுமாறும் இடம் உளது. பதின்மூன்று பங்கிற்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும் மூலத்தை, ஓடும் படம் முடிந்தபின் வைத்திருப்பானேன் என்று அழித்துவிடுவார் பலர். அவர் எண்ணத்தக்கது இது: வெட்டிய விளிம்பு மீளாது, 256 படியில் அடங்கிய நிழல் 16,384 படியாக விரியாது, பழுப்பான அலகு மீண்டும் மாதுளம்பூவாகாது. காணொளி முறைகளோ மாறிக்கொண்டே வருவன. 1982இன் விதிக்குப்பின் 1990இன் விதி வந்தது; அதற்கும் அப்பால் விரிந்த நிறவெளியுடைய விதிகள் வந்துள்ளன. மூலம் உள்ளவர் ஒவ்வொரு முறைக்கும் புதிதாக நூற்றுக்கொள்வர். நூலை மட்டும் உடையவர் பழைய நூலையே முறுக்கிக்கொண்டிருப்பர்.

சேமிப்புத் தட்டு விலையுடையது என்பதனை யாமும் அறிவோம். மாணவர் கையிருப்பின் அளவையும் அறிவோம். ஆதலின் அனைத்தையும் காக்க இயலாதவர், இனி வாராத காட்சியின் மூலத்தையேனும் காக்க. மலைமேல் முகில் நாளையும் வரும். இவ்வாண்டு தேர்வடம் பற்றிய முதியோர் கை அடுத்த ஆண்டும் வடம் பற்றும் என்பதற்கு உறுதியில்லை. காட்டின் உச்சிக்கிளையில் ஒரு கணம் நின்று நோக்கிய அணில் மறுமுறை அவ்வாறே நில்லாது. அத்தகையவற்றை இரண்டிடத்தே படியெடுத்து, நாளும் இடமும் மாற்றிய விதியும் ஒரு தாளில் எழுதி உடன்வைத்தல் வேண்டும். பின்னர் வருவார் நம் படத்தைக் காணும்போது, நாம் கண்ட நிறத்தையே அவரும் காண்பதற்கு அத்தாள் துணை செய்யும்.